கழுத்துக் குழாய்

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஆகியும் உச்சிமாகாளிக்குக் காய்ச்சல் விடவில்லை. ஊசி போட்டால் வியர்த்துக் கொட்டி இறங்கும். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் கட்டில் அதிரக் குளிர் தூக்கிப் போடும். "வயித்துல அவ்ளோ சீழ் இருந்துச்சில்ல, மெதுவாத்தான் எறங்கும்" என்று சொல்லிச் சொல்லியே மருந்தை மூன்று தடவை மாற்றியிருந்தார்கள்.

அவன் ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். அச்சிலிருந்து சூடாக விழும் அலுமினியப் பாகத்தை இடுக்கியால் எடுத்து, ஓரத்தை ராவி, தட்டில் அடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். ஷிப்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை, ஓ.டி. பார்த்தால் இன்னொன்று. இரண்டு வருஷம் அப்படித் தின்றதில் குடல் பொத்துக்கொண்டது. ஐப்பசி மழை அடித்துப் பெய்த ஒரு காலையில் லைனிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கம்பெனி வேன் அவனை நெடுஞ்சாலை ஓரத்து மூன்று மாடி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனது. அங்கே வயிற்றைத் திறந்து, சீழைக் கழுவி, ஓட்டையை அடைத்தார்கள். அந்த சர்ஜன் கெட்டிக்காரர்தான். கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு ஐ.சி.யு.வில் நடந்தது.

அவன் பெண்டாட்டி சந்தனமாரி. இருவருக்கும் சங்கரன்கோவில் பக்கம். மண்ணூரில் ஆறு குடித்தனம் உள்ள வரிசை வீட்டில் ஒரு அறையும் அடுப்படியுமாக இருந்தார்கள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்குக் கேமரா பொருத்தும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக லைன் ஆப்பரேட்டர். உள்ளே போகும்முன் கம்மலைக் கழற்ற வேண்டும், பொட்டை எடுக்க வேண்டும், முகத்தில் பவுடர் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலையோடு மூடும் வெள்ளை உடுப்பும் இரண்டு ஜோடிக் கையுறையும் மாட்டி, ஆளுயரக் கூண்டுக்குள் நின்றால் நாலு பக்கமும் காற்றடித்துத் தூசியை உதறும். தும்மினால் கையுறையை மாற்ற வேண்டும். ஒரு தடவை யாரோ ஒருத்தியின் கண்ணிமை மயிர் ஒன்று தட்டில் விழுந்ததற்கு நாற்பது கேமராவைக் கழித்துப் போட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் எங்கே போனாலும் முதலில் ஆட்களின் கையைத்தான் பார்ப்பாள்.

ஐ.சி.யு.வுக்குள் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் விடுவார்கள். வாசலில் ஊரெல்லாம் போட்டுக் கழற்றிய ரப்பர் செருப்பு. ஆணியில் ஒரே ஒரு பச்சை அங்கி, முந்தி மாட்டியவரின் வியர்வை ஈரம் காயாமல் தொங்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது உச்சிமாகாளி கண் திறந்திருந்தான். நாக்கில் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளை படிந்திருந்தது.

"ஏட்டி, ஒரு வாய் தண்ணி தா."

"வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுதாவ. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

"நாக்கு செருப்புத்தோல் மாதிரி கெடக்குட்டி."

கழுத்தின் வலப்பக்கம் தோலைத் துளைத்துப் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு குழாய் செருகியிருந்தார்கள். மருந்தும், பால் போல ஒரு பையிலிருந்து இறங்கும் சத்தும் அது வழியாகத்தான் போயின. அதைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்திரி பழுப்பேறி, ஓரம் சுருண்டு, அடியில் காய்ந்த ரத்தமும் தாடி மயிரும் அப்பிக் கிடந்தன. முதல் நாள் அது வெள்ளையாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். பதினோரு நாளாக அதே பிளாஸ்திரி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவரின் மூத்திரப் பையைக் காலி செய்துகொண்டிருந்த நர்ஸ், உச்சிமாகாளியின் மருந்து மெஷின் கத்தியதும் அதே கையுறையோடு வந்தாள். குழாயின் மூடியைத் திருகினாள். மூடி நழுவிப் போர்வையில் விழுந்தது. எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, ஊசி மருந்தைச் செலுத்திவிட்டு, அதையே திருகி மூடினாள்.

"சிஸ்டர், நீங்க க்ளவ் மாத்தலையே?"

நர்ஸுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எட்டு பெட்டுக்கு நான் ஒருத்திக்கா. நேத்து காலையில வந்தவ, இன்னும் ரூமுக்குப் போகல. ஷிப்டுக்கு ஒரு டப்பா க்ளவ்தான் தர்றாங்க. தீந்துச்சின்னா மேல போய்த் திட்டு வாங்கணும்."

சந்தனமாரி வெளியே வந்து கழிவறையில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த டீ மட்டும் வந்தது.

மறுநாள் மேனேஜர் கோபால் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. அறை, மேசையில் பிளாஸ்டிக் பூ.

"உக்காருங்க மேடம். அவர் ரத்தத்துல பூஞ்சை வந்திருக்கு. பழைய ரொட்டியில பூக்குமே, அந்த மாதிரி."

"ரத்தத்துலயா?"

"மண்ணூர்லதானே இருக்கீங்க? இந்த மழைக்குச் சுவரெல்லாம் ஊறியிருக்கும். அந்தக் காத்துலயோ சாப்பாட்டுலயோ உடம்புக்குள்ள போயிருக்கும். நாங்க இங்க தினம் மூணு வேளை துடைக்கிறோம்." ஒரு தாளை நகர்த்தினார். "வரும்போதே தொற்று இருந்துச்சின்னு ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா புது மருந்தை ஆரம்பிச்சிடலாம்."

"கையெழுத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் இங்க வழக்கம்."

"மருந்த ஆரம்பிங்க. இத நான் வீட்ல கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாரேன். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கணும்." பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் அப்படிச் சொல்லிவிட்டுத் தாளைப் பைக்குள் திணித்தாள்.

சொன்னது கோபால்தான் என்றாலும் அவள் மனசில் அது பதிந்துவிட்டது. அன்று வீடு திரும்பும்போது மண்ணூர்த் தெருவில் லாரிச் சக்கரம் கலக்கிய சேறும் சாக்கடையும் ஒன்றாக ஓடின. கதவைத் திறந்ததும் புளித்த வாடை. அவன் விழுந்த நாளிலிருந்து தொடாத இட்லி மாவு பொங்கி வழிந்து, குண்டானின் விளிம்பில் சாம்பலும் பச்சையுமாக மயிர் முளைத்திருந்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள், மழை தொடங்கியதிலிருந்து படர்பவை. அவன் தலை வைத்துப் படுக்கும் இடம் அது. 'நான்தான் அவுகளுக்கு இத ஏத்திவிட்டுட்டேனோ?' பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். விரல் நுனி வெந்து தோல் உரிந்தது. தேய்க்கத் தேய்க்க அவன் ரத்தத்துக்குள் இந்தக் கறுப்பு மயிர் மிதப்பது போலத் தோன்ற, இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பக்கத்துக் குடித்தனம் செந்தாமரை தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வந்தாள். மண்ணூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நாற்பத்தைந்து வயது. அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

"இன்னாடி மாரி, சொவத்த இந்தத் தேய் தேய்க்கிற? காரை பேந்துகினு வருது பாரு."

"எங்க வீட்டுப் பூஞ்சைதான் அவுக ரத்தத்துல ஏறிட்டாம் அக்கா. மேனேஜர் சொல்லுதாரு. கையெழுத்துக் கேக்காரு."

செந்தாமரை தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். 

"கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்ல."

"போடாத. அந்த ஐ.சி.யு.ல உன் வூட்டுக்காரரு நாலாவது ஆளு. ஆடி மாசம் ஒரு லாரி டிரைவரு. அப்பால சுங்குவார்சத்திரத்து வாத்தியார் ஒருத்தரு. அப்பால புள்ள பெத்த பொண்ணு ஒண்ணு. மூணு பேருக்கும் கழுத்துல குழாய், மூணு பேருக்கும் இதே குளிரு. ஆம்பள ரெண்டு பேரும் பூட்டாங்கோ. அந்தப் பொண்ண மட்டும் அவ அண்ணங்காரன் சண்ட போட்டு மெட்ராஸுக்கு இட்டுகினு போனான். அவ பொழச்சிகினா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொணத்தத் தொடைக்கிறவ நான்தான? எனுக்குத் தெரியாதா? கக்கூஸுக்குப் போட்ட மாப்பத்தான் அங்கயும் போடச் சொல்றான். ஒரே பக்கெட்டு, ஒரே தண்ணி. டிரைவரு செத்தப்போ கிழிஞ்ச மெத்தைய மேல தொடச்சிட்டு அன்னிக்கே அடுத்த ஆளப் போட்டாங்கோ. கிழிசல்ல சீழு ஊறி நாறுது. இன்ஸ்பெக்சன் வந்தா மட்டும் சோப்பு, க்ளவ்வு, எல்லாம் வெளிய வரும். சாயங்காலம் உள்ள எடுத்து வச்சிடுவாங்கோ. அந்தக் கேண்டீன் சோறே எனுக்கு எறங்கறதில்ல மாரி."

"நாலு மாசமா ஏன் அக்கா ஒரு வார்த்தை சொல்லல? அவுகள அங்க கொண்டுபோய்ப் போட்ட அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்லா?"

"வேல பூடும்னுதான். வேற இன்னா சொல்ல? காரித் துப்பணும்னா துப்பிடு, வாங்கிக்கிறேன்."

சந்தனமாரி துப்பவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "கொண்டுபோங்க. இப்போ எனக்கு எறங்காது."

செந்தாமரை எழுந்தாள். ரெண்டு எட்டு போய்த் திரும்பி, "ரத்தம் சோதிச்ச சீட்ட கேட்டு வாங்கு. அதுல தேதியப் பாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சந்தனமாரி ரிசப்ஷனுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். ரிப்போர்ட் கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். செக்யூரிட்டி வந்து கெஞ்சினான். கோபால் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மருந்துச் சீட்டோடு நின்ற சனம் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தது. ஒரு கிழவி மட்டும் குனிந்து தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பெண் தாளைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

ரத்தம் எடுத்தது புதன்கிழமை. பூஞ்சை என்று லேப் ஐ.சி.யு.வுக்குப் போன் செய்தது வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால், சொன்னவர் பெயரோடு அச்சடித்திருந்தது. பூஞ்சைக்கான முதல் மருந்து ஏறியது திங்கள்கிழமை மத்தியானம். நடுவில் மூன்று நாள். பெரிய டாக்டர் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார், அவர் வராமல் மருந்து எழுத ஆளில்லை என்றாள் தாளைக் கொண்டுவந்தவள். அந்த மூன்று நாளும் அந்தக் குழாய் வழியேதான் அவனுக்கு நல்லது என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரிக்கு அழுகை வரவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கெட்டுப்போன எதையோ கடித்துவிட்டது போல.

அன்றே ஆம்புலன்ஸ் பிடித்தாள். 'சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறார்' என்று எழுதி நீட்டினார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபகுமார் வந்ததும் முதலில் கையைக் கழுவினார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் உட்பட. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சந்தனமாரிக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. பிளாஸ்திரியை அவர் உரித்தபோது எழுந்த நாற்றத்தில் பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பினாள். ஒரு மணி நேரத்துக்குள் குழாயை உருவிவிட்டு, கையில் புதிதாக ஊசி ஏற்றி, வேறு மருந்து தொடங்கினார்கள்.

"பொழச்சிக்கிடுவாவளா டாக்டர்?"

அவர் அவளை உட்காரச் சொன்னார். "ரத்தத்துல இது ஏறினவங்கள்ல பத்துக்கு மூணு நாலு பேர் ஒரு மாசத்துக்குள்ள இறந்துடறாங்கம்மா. நல்லாப் பாத்துக்கிற இடத்துலயும் அப்படித்தான். மருந்து தள்ளிப்போனா இன்னும் மோசம். இவருக்கு வயசு முப்பத்தஞ்சு. கிட்னி நல்லா இருக்கு. குழாயை எடுத்தாச்சு. இதெல்லாம் நமக்குச் சாதகம். வீணாப் போன நாள் மட்டும் திரும்ப வராது."

"எங்க வீட்டுச் சுவத்துல பூஞ்சை இருந்துச்சு. அதுலருந்து வந்துருக்குமோ?"

"யார் சொன்னது? சுவத்துல வர்றது வேற. இது ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலயும், கழுவாத கையிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கற ரகம். வழக்கமா குடுக்கற மருந்துக்கு இது அடங்காது. அங்க குடுத்தது அந்த மருந்துதான்." தாளில் எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்: "அங்க வேற யாருக்காவது இதே மாதிரி வந்துச்சா, தெரியுமா?"

செந்தாமரையின் பெயரைச் சொல்லாமல் மூன்று பேரைப் பற்றியும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.  "நான் சுகாதாரத் துறைக்கு எழுதறேன். அவரோட கேஸ் ஷீட் முழுசா வேணும். உங்களுக்குக் குடுத்தாகணும், கேட்டு வாங்கிட்டு வாங்க. முதல்ல இவர் தேறட்டும்" என்றார்.

தினமும் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாளும் பூஞ்சை வளர்ந்தது. ஐந்தாம் நாளும் வளர்ந்தது. சந்தனமாரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள். பன் ஒன்றைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றாள். தயிர் வாடை, மாவு வாடை எதுவும் ஆகவில்லை. உள்ளே போனால் அவன் நெற்றியைத் தொடுவாள். ஒரு நாள் தொட்ட கையைத் தன்னை அறியாமல் சேலையில் துடைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குள் வேறொன்று வந்தது.

"ஏட்டி, வலது கண்ணுக்குள்ள யாரோ பால ஊத்துன மாதிரி இருக்கு."

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். ரத்தத்தோடு போன பூஞ்சை கண்ணின் உட்சவ்வில் பஞ்சுத் துணுக்குப் போல ஒட்டி வளர்ந்திருந்தது. கண்ணுக்குள்ளேயே இரண்டு தடவை ஊசி போட்டார்கள். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் வராந்தாவரைக்கும் கேட்டது. கண் போகவில்லை, பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இடது கண்ணை மூடினால் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

ஆறு வாரம் கழித்து மண்ணூருக்கு வந்தான். எழுபது கிலோ ஆள் ஐம்பத்தைந்தாகியிருந்தான். காண்ட்ராக்ட்காரன் போனை எடுப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. கார்த்திகைத் தூறலில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவன் தன் முழங்கையை முகர்ந்து பார்த்தான்.

"எம் மேல நாத்தம் வருதா? நெசத்தச் சொல்லு."

"வருது. ஆறு வாரமா மருந்துலயும் வேர்வையிலயும் ஊறிக் கெடந்தா வராதா?"

"அருவருப்பா இருக்கா?"

"இருந்துச்சு. துடைச்சத நீங்க பாத்தியள்லா?" அண்டாவிலிருந்து சுடுதண்ணீரைக் கோரி வாளியில் ஊற்றினாள். "இப்ப அருவருப்பு வேற ஆளு மேல. எந்திரிங்க, குளிப்பாட்டி விடுதேன்."

மடிந்து தொங்கிய தோலையும், வயிற்றின் நீளத் தழும்பையும், கழுத்தில் குழாய் இருந்த பொட்டு வடுவையும் சோப்புப் போட்டு மெதுவாகத் தேய்த்தாள். அவன் கல்லில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல முதுகைக் காட்டினான். சூடு பட்டதும், "அம்மாடி" என்றான்.

மறுவாரம் அவள் கேஸ் ஷீட் வாங்க அந்த மூன்று மாடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதைக் கேட்டு ஜெபகுமார் எழுதிய கடிதம் கையில் இருந்தது. வெளிச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கோபால் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுக்கறது உங்களுக்கு? எங்க ஸ்டாஃப் யாராவது பேசினாங்களா?"

"கேஸ் ஷீட்டக் குடுங்க. நான் வெளிய இருக்கேன்."

ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் பிளாஸ்க்கும் விபூதிப் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். நாகப்பன் என்று பெயர், வல்லக்கோட்டைக்காரர். பைக்கில் போன மகளை லாரி இடித்துவிட்டதாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம்.

"காச்சல்தாம்மா வுட மாட்டேங்குது. எட்டு நாளா. மருந்த மாத்திகினே கீறாங்கோ."

சந்தனமாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கழுத்துல குழாய் போட்டுருக்காவளா?"

"ஆமா. நீ யாரும்மா?"

அவள் சொன்னாள். உச்சிமாகாளியின் குளிரை, வெள்ளிக்கிழமைத் தேதியை, கண்ணை, எல்லாவற்றையும் சொன்னாள்.  கோபால் கோப்போடு வந்தவர் பாதியில் கேட்டுவிட்டு வேகமாகக் கிட்டே வந்தார்.

"மேடம், அந்தக் கேஸ் வேற, இது வேற. பெரியவரே, இவங்க பேசறதைக் காதுல போட்டுக்காதீங்க. வீட்டுக்காரருக்கு முடியாமப் போனதுல இவங்களுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல."

நாகப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேனேஜரின் தேய்த்த சட்டையைப் பார்த்ததும் அவர் முகம் சந்தேகத்தோடு சந்தனமாரி பக்கம் திரும்பியது.

வராந்தாவின் கோடியில் துடைத்துக்கொண்டிருந்த செந்தாமரை மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பெரியவரே, ஆறாம் பெட்டுதான உன் பொண்ணு? எம் பேரு செந்தாமரை. அந்த ரூமத் தொடைக்கிறவ நான்தான். இந்தப் பொண்ணு சொல்றதெல்லாம் நெசம். குழாய் போட்டு எத்தினி நாளாவுது, ரத்தத்துல பூஞ்சை கீதான்னு பாத்தாங்களா, சீட்டு எப்போ வந்துச்சி, மூணையும் போய்க் கேளு."

"செந்தாமரை!" என்றார் கோபால்.

"இன்னா? நான்தான் சொன்னேன். மாரிகிட்டயும் நான்தான் சொன்னேன். எழுதிக்க." அவள் நகரவில்லை.

சந்தனமாரி எழுந்து கோபாலின் கையிலிருந்த கோப்பை இழுத்துக்கொண்டாள். அவர் அதைத் திரும்பப் பிடிக்கவில்லை. நாகப்பன் பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஐ.சி.யு. கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளிருந்து ஒரு கை, இருங்க என்று சைகை காட்டியது. அவர் இருக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.